வேட்டையும் இரண்டாம் தோட்டாவும்

வேட்டைக்கு உகந்தது ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியா, பல தோட்டாக்களை அடக்கித் தொடர்ந்து சுடும் துப்பாக்கியா என்பது பழைய வாதம். ஒற்றைத் தோட்டா நிதானத்தைக் கற்பிக்கும், அதனால் விலங்குகளும் குறைவாகவே மாளும் என்பர் ஒரு சாரார்.

பதுளையில் அரசாங்கப் பதவி வகித்த மேஜர் ரோஜர்ஸ், எமது கொஸ்லந்தையை அடுத்த அப்புத்தளையில் 1845 ஆம் ஆண்டு மின்னல் தாக்கி மாண்டார். அவர் காலத்தில் குழலுக்கு ஒரு குண்டுதான். அதையும் வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்க வேண்டும். எனினும் அவர் வீழ்த்திய யானைகள் ஏறத்தாழ 1,400 என்பர். ஆகவே, ஒற்றைக் குண்டு உயிர்களைக் காக்கவில்லை. இலங்கையின் வனவிலங்குகளுக்குக் காவலாக 1937 இல் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் வேண்டியிருந்தது.

காயத்தோடு தப்பிய விலங்கின் கதையோ இன்னும் கொடியது. இமயமலைச் சாரலில் 436 மாந்தரைக் கொன்றதாகக் கூறப்படும் சம்பாவத் பெண்புலியை 1907 இல் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். பழைய துப்பாக்கிக் காயத்தால் அதன் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. அதனாலேயே இயற்கை இரையை விடுத்து மனிதரை நாடியது என்பது அவர் முடிவு. யாரோ அரைகுறையாய்ச் சுட்ட ஒரு குண்டின் விலை அது.

ஆதலின், சட்டம் இடங்கொடுக்குமிடத்துத் தொடர்ந்து சுடும் துப்பாக்கியே மேல் என்பேன். ஆனால், முதற் குண்டையே கடைசிக் குண்டாகக் கருதிக் குறி பார்த்தல் வேண்டும். இரண்டாம் தோட்டா, காயமுற்ற உயிரின் வேதனையை முடிப்பதற்கு மட்டுமே உரியது.