பிள்ளையின் கைக்கு ஏற்ற மட்டை

(பள்ளி விளையாட்டும் பெற்றோர் பங்கும் குறித்து நடந்த தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் ஆற்றிய உரை)



சற்று முன் அரங்கத்திலிருந்து ஓர் அம்மா கேள்வி கேட்டார். சுங்கை லாலாங்கிலிருந்து வந்திருக்கிறார். மகள் தமிழ்ப்பள்ளியை முடித்து இவ்வாண்டு படிவம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். இடைநிலைப்பள்ளியில் மென்பந்துக் குழுவில், அதாவது சாஃப்ட்பால் குழுவில், இடம் கிடைத்திருக்கிறது. "மட்டை வேண்டும் என்கிறாள். வளரும் பிள்ளைதானே, கொஞ்சம் பெரியதாகவே வாங்கிவிட்டால் படிவம் ஐந்து வரைக்கும் வருமில்லையா?" என்பது அவர் கேள்வி.

எனக்குக் கொடுத்த நேரம் முழுவதையும் இந்த ஒரு கேள்விக்கே செலவிடலாம் என்று நினைக்கிறேன். ஏனென்றால், அது அந்த அம்மா ஒருவரின் கேள்வி அல்ல. பீடோங்கிலும் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும், தோட்டத்திலிருந்து வெளியேறித் தாமான்களில் குடியேறிய நம் குடும்பங்கள் எல்லாவற்றிலும் உள்ள பழக்கம் அது. பள்ளிச் சட்டையை ஓர் அளவு பெரியதாக வாங்குவோம். காலணியை ஓர் அளவு பெரியதாக வாங்கி, முன்னால் பஞ்சு வைத்து அனுப்புவோம். சம்பளம் குறைவாக இருந்த காலத்தில் நம் தாய்மார்கள் கண்டுபிடித்த சிக்கனம் அது. அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆனால் சட்டைக்குச் சரியானது மட்டைக்குச் சரியாகாது. பெரிய சட்டை பிள்ளையை ஒன்றும் செய்யாது. பெரிய மட்டை பிள்ளையை விளையாட்டிலிருந்தே வெளியே தள்ளிவிடும்.

பெயரில்தான் மென்மை

மென்பந்து என்றதும் ஏதோ ரப்பர் பந்து ஆட்டம் என்று சிலர் எண்ணுகிறார்கள். 1887ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில், குளிர்காலத்தில் ஒரு கூடத்துக்குள்ளே தொடங்கிய விளையாட்டு இது. குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, ஒரு கம்பை எடுத்து மட்டையாக்கி ஆடினார்கள் என்று சொல்வார்கள். அன்றைய பந்து மென்மையாக இருந்திருக்கலாம். இன்றைய பந்து அப்படியல்ல. 12 அங்குலச் சுற்றளவும், ஏறத்தாழ 180 முதல் 200 கிராம் எடையும் உள்ள பந்து அது. கிரிக்கெட் பந்தே 160 கிராம் அளவில்தான் இருக்கிறது. எது கனம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்தப் பந்து எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது? பெண்கள் ஆட்டத்தில் பந்து வீசுகிறவர் நிற்கும் இடத்துக்கும் அடிப்பவர் நிற்கும் தளத்துக்கும் இடையே 43 அடி, அதாவது 13 மீட்டர். வீசுகிறவர் ஓர் எட்டு முன்னே வைத்துத்தான் பந்தை விடுவார். ஆகவே பந்து பறக்கும் தூரம் 12 மீட்டர்தான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அரை விநாடிக்குச் சற்று மேலான நேரம். அதற்குள் பந்தைப் பார்க்க வேண்டும், அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும், மட்டையைச் சுழற்றிப் பந்திருக்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அனைத்துலக ஆட்டக்காரர்கள் 110 கிலோமீட்டர் வேகத்தில் வீசும்போது அரை விநாடிகூடக் கிடைப்பதில்லை.

இப்போது சொல்லுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பெரியவர்கள் சுழற்றும் மட்டையைக் கொடுத்தால் என்ன ஆகும்? பந்து கடந்து போன பிறகுதான் மட்டை வந்து சேரும். ஒரு முறை, இரு முறை, பத்து முறை அப்படி நடந்தால், "இவளுக்கு ஆட்டம் வரவில்லை" என்று பயிற்றுநர் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்கார வைப்பார். நாமும், "போதும், வீட்டுக்கு வந்து படி" என்று சொல்லிவிடுவோம். வராதது ஆட்டமா, மட்டையா என்று ஒருவரும் கேட்பதில்லை.

எடை எங்கே இருக்கிறது?

மட்டையின் மொத்த எடையைவிட, அந்த எடை எந்த இடத்தில் இருக்கிறது என்பது முக்கியம். இதை நம் மக்களுக்குப் பாடம் நடத்தி விளக்க வேண்டியதில்லை. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவரைக் கேட்டாலே போதும். உயரமான மரத்துக்கு நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டுவார்கள். அதே கழியை நடுவில் பிடித்துத் தோளில் வைத்து நடந்தால் பாரம் தெரியாது. அடியைப் பிடித்து நுனியைத் தூக்கும்போதுதான் இடுப்பும் தோளும் பதில் சொல்லும். எடை மாறவில்லை. கையிலிருந்து அது இருக்கும் தூரம்தான் மாறியது.

மட்டையும் அப்படித்தான். சில மட்டைகளில் எடை சமமாகப் பரவியிருக்கும். சிலவற்றில் தலைப்பக்கம் கூடுதலாக இருக்கும். தலை கனத்த மட்டை, வலுவான கைக்காரர் வேகம் குறையாமல் சுழற்றினால் பந்தைத் தூரமாக அனுப்பும். அது உண்மை. ஆனால் வேகம் குறையாமல் சுழற்ற வேண்டுமே! இப்போதுதான் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குச் சமமாக எடை பரவிய மட்டைதான் ஏற்றது. ஓர் அங்குலம் கூடினாலும் தலை அவ்வளவு தூரம் விலகிப்போகிறது. "பெரியதாக வாங்குவோம்" என்பது எவ்வளவு பாரத்தை ஏற்றுகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

மட்டை மேல் எழுதியிருக்கும் எண்

கடையில் மட்டையைக் கையில் எடுத்தால் அதன் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று நீளம், அங்குலத்தில். மற்றொன்று எடை, அவுன்ஸில். சிலவற்றில் கழித்தல் குறியுடன் 10, 11, 12 என்று ஓர் எண் மட்டும் இருக்கும். பயந்துவிடாதீர்கள். நீளத்திலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் எடை கிடைக்கும், அவ்வளவுதான். 30 அங்குல மட்டையில் கழித்தல் 11 என்றிருந்தால் எடை 19 அவுன்ஸ். ஓர் அவுன்ஸ் 28 கிராமுக்குச் சற்று மேல். ஆக, 540 கிராம் அளவில் வரும். கழிக்கும் எண் பெரிதாக இருந்தால் மட்டை இலேசு.

ஆட்ட விதிப்படி மட்டையின் உச்ச வரம்பு 34 அங்குல நீளம், 38 அவுன்ஸ் எடை, பருத்த பகுதியில் இரண்டேகால் அங்குல விட்டம். இது வரம்புதான், வாங்க வேண்டிய அளவல்ல. புதிதாக ஆடவரும் பிள்ளைக்குக் கழித்தல் 11 முதல் 13 வரை உள்ளவை பொதுவாகப் பொருந்தும். ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான பிள்ளைக்கு 29 அல்லது 30 அங்குலமும், அதற்கு மேல் உயர்ந்த பிள்ளைக்கு 31 அல்லது 32 அங்குலமும் ஏறத்தாழச் சரியாக இருக்கும். ஆனால் அட்டவணையை நம்பி வாங்காதீர்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பிள்ளைகளின் கை வலு ஒன்றல்ல. பிள்ளையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நான்கு சோதனைகள் செய்யுங்கள்.

முதலாவது, மட்டையைத் தரையில் காலுக்கு அருகே நிறுத்துங்கள். பிள்ளை கையைத் தொங்கவிட்டு நிற்கட்டும். மட்டையின் குமிழ் உள்ளங்கையைத் தொட்டால் நீளம் சரி. மணிக்கட்டைத் தாண்டி மேலே வந்தால் அது பெரியது.

இரண்டாவது, குமிழை நெஞ்சின் நடுவில் வைத்து மட்டையை நேராக முன்னே நீட்டச் சொல்லுங்கள். மற்றக் கையை மட்டையையொட்டி நீட்டினால் விரல்கள் அதன் தலையை எட்ட வேண்டும்.

மூன்றாவது, பிடியை ஒரே கையில் பிடித்துப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கட்டும். இருபது விநாடிக்குள் கை நடுங்கினாலோ மட்டையின் தலை தாழ்ந்தாலோ அது பிள்ளைக்குக் கனம்.

நான்காவதுதான் முக்கியம். ஆளில்லாத இடத்தில் பத்து முறை தொடர்ந்து சுழற்றச் சொல்லுங்கள். முதல் சுழற்சியைப் பார்க்காதீர்கள், பத்தாவதைப் பாருங்கள். உடம்பைப் பின்னால் சாய்த்து மட்டையை இழுத்துக்கொண்டு வந்தால், அதை அப்படியே வைத்துவிட்டு அடுத்த சிறிய மட்டையை எடுங்கள்.

பளபளப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள்

மட்டைகள் பெரும்பாலும் அலுமினியத்திலோ, கரிம இழை சேர்ந்த கூட்டுப்பொருளிலோ செய்யப்படுகின்றன. கூட்டுப்பொருள் மட்டையின் விலை ஆயிரம் வெள்ளியைத் தாண்டியும் போகும். நல்ல மட்டைதான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் பலவற்றை முதல் 150, 200 அடிகளுக்கு, ஒவ்வோர் அடிக்கும் சற்றே திருப்பித் திருப்பிப் பழக்க வேண்டும். வெயிலில் காருக்குள் போட்டு வைக்கக்கூடாது. விரிசல் விட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். அலுமினியம் உடனே ஆட்டத்துக்குத் தயார். விலையும் குறைவு. நசுங்கினால் கண்ணுக்கே தெரியும். தொடக்க ஆட்டக்காரருக்கு அதுவே போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மென்பந்திலேயே வேகமாக வீசும் ஆட்டம் வேறு, பந்தை வளைவாக மெதுவாக வீசும் ஆட்டம் வேறு. மெதுவான ஆட்டத்துக்குச் செய்த மட்டைகள் பெரும்பாலும் கனமானவை. கடையில் இரண்டும் அருகருகே தொங்கும். 'ஃபாஸ்ட்பிட்ச்' என்று மட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். பேஸ்பால் மட்டையை எடுத்துவிடாதீர்கள். அதன் பருமன் வேறு, விதிக்கு ஒத்துவராமல் போகலாம். போட்டிக்கு எந்த முத்திரை வேண்டும் என்பதைப் பயிற்றுநரிடம் கேட்டுக்கொண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.

பழைய மட்டை வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். விரல் நகத்தால் பருத்த பகுதியைச் சுற்றித் தடவுங்கள். விரிசலோ பள்ளமோ தட்டுப்பட்டால் வேண்டாம். குமிழ் ஆடுகிறதா, உள்ளே ஏதாவது உருண்டு சத்தம் வருகிறதா என்று பாருங்கள். பிடியின் பட்டை பிய்ந்திருந்தால் கவலை இல்லை, புதிதாகச் சுற்றிக்கொள்ளலாம். மழையில் நனைந்த வழுக்கும் பிடியோடு மட்டும் ஆட விடாதீர்கள். கையிலிருந்து பறக்கும் மட்டை பந்தைவிட ஆபத்தானது.

ஒரு மட்டையா, மூன்று மட்டைகளா?

கடைசியாக, பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். மட்டை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக இருக்க வேண்டிய பொருளல்ல. குழுவில் பகிர்ந்துகொள்ளலாம், விதி தடுக்கவில்லை. ஏழு சுற்று ஆட்டத்தில் ஒரு பிள்ளை மூன்று, நான்கு முறைதான் அடிக்க வருவாள். ஆனால் ஆட்டத்தில் பாதி நேரம் கையுறையோடு திடலில் நிற்பாள். அடிக்க வரும்போதெல்லாம் தலைக்கவசம் வேண்டும். ஆகவே கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு தலைக்கவசத்துக்கு, அடுத்தது கையுறைக்கு, அதற்குப் பிறகுதான் மட்டைக்கு.

பள்ளிக்கு விலையுயர்ந்த ஒரே மட்டையை அன்பளிப்பாகக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, 28, 30, 32 அங்குலங்களில் மூன்று சாதாரண அலுமினிய மட்டைகளைக் கொடுங்கள். குட்டையான பிள்ளை, நெட்டையான பிள்ளை, இந்த ஆண்டு படிவம் ஒன்றுக்கு வந்தவள், அடுத்த ஆண்டு வரப்போகிறவள், எல்லாருக்கும் கையில் பிடிக்க ஒன்று இருக்கும். பிள்ளை வளர்ந்தால் அடுத்த மட்டைக்கு மாறிக்கொள்வாள். "வளர்ந்தாலும் வர வேண்டும்" என்று கவலைப்பட்டோமே, அந்தக் கவலைக்கு விடை இதுதான்.

இதற்கெல்லாம் இவ்வளவு பேச்சா என்று சிலர் நினைக்கலாம். பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிக் கணக்கில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு என்றால், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் மென்பந்தும் உண்டு. ஒலிம்பிக்கில் பெண்களுக்கான இந்த ஆட்டம் 1996 முதல் 2008 வரை இருந்தது. தோக்கியோ போட்டியில், 2021இல், திரும்பி வந்தது. ஜப்பான் தங்கம் வென்றது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் இடம்பெறுகிறது.

ஒலிம்பிக் இருக்கட்டும். சிறிய தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் படிக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் நம் பிள்ளை, அந்தக் கூட்டத்தில் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்று உணரும் இடம் திடல்தான். அந்த இடத்தைக் கனமான ஒரு மட்டைக்காக அவள் இழந்துவிடக்கூடாது. கையில் உள்ள காசுக்கு ஏற்ற மட்டையைத் தேடுங்கள், தவறில்லை. ஆனால் அதற்கு முன் பிள்ளையின் கைக்கு ஏற்றதா என்று பாருங்கள்.