தோளுக்கு உயர்ந்த பிள்ளையின் கூற்று
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

'தோளுக்கு உயர்ந்தால் தோழன்' என்பது நம் பழமொழி. 'அடியாத மாடு படியாது' என்பதும் நம் பழமொழியே. வளர்ந்த பிள்ளையின் முன் நிற்கையில் நம் நாவில் முந்துவது எது? இவ்வினாவுக்கு விடை தேடிய ஊர்ப்பணி ஒன்றினை எடுத்துரைக்க விழைகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணம் வறுமை மிக்கது. எய்ட்ஸ் நோயாலும் பிழைப்பு தேடிய பிரிவாலும் அங்குப் பிள்ளைகள் பலர் பாட்டியரின் நிழலில் வளர்கின்றனர். அந்நாட்டில் பள்ளிப் பிரம்படியை 1996ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியது. வீட்டினுள் அடிப்பதற்கு இருந்த சட்டப் பாதுகாப்போ 2019இல்தான் அரசமைப்பு நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கியது.

இவ்விரண்டுக்கும் இடையே, 2015, 2016ஆம் ஆண்டுகளில், 40 ஊர்களில் 552 குடும்பங்களைக் கொண்டு ஒரு பெற்றோர் நிகழ்ச்சி ஆராயப்பட்டது. அதன் பெயர் 'சினோவூயோ'. கோசா மொழியில் 'நமக்கு மகிழ்ச்சி உண்டு' என்பது பொருள். அமர்வுகள் 14. பெரும்பாலானவற்றில் வளர்ப்போரும் பிள்ளையும் உடன் அமர்ந்தனர், சினம் மூளும் வேளைகளை நடித்துப் பார்த்தனர், வீட்டு வரவு செலவையும் கூடித் திட்டமிட்டனர், ஒன்றாய் உண்டனர். வர இயலாதோரை வீடு தேடிச் சென்று கண்டனர்.

முடிவுகள் 2018இல் வெளிவந்தன. வளர்ப்போர் கூறியபடி, வன்முறை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. குடும்பத்தின் பொருள்நிலையும் மேம்பட்டது. பிள்ளைகளின் கூற்றிலோ வன்முறையின் குறைவு அத்துணை உறுதியாகப் புலப்படவில்லை. ஆய்வாளர் இரண்டையும் மறைக்காது அருகருகே வைத்தனர். பெரியோர் சொல்லோடு நிறுத்தியிருப்பின் வெற்றி முழுமையாகத் தோன்றியிருக்கும், உண்மை பாதியாகியிருக்கும்.

கவிஞர்களே, நமக்கு இது புதிதன்று. அகத்திணையில் நற்றாய் கூற்று உண்டு, செவிலி கூற்று உண்டு; தலைவி கூற்றும் தனித்து நிற்கிறது. தாய் அறியாததை மகள் வாயால் கேட்கச் செய்த மரபு அது. இன்று தாய்மையைப் பாடுகிறோம், தந்தையின் தியாகத்தைப் பாடுகிறோம். பதினான்கு வயதுப் பிள்ளையின் கூற்று நம் ஏடுகளில் எத்துணை இடம் பெறுகிறது?

ஆகவே ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில் ஓர் அமர்வையேனும் நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்குவோம். அவர்கள் பேசட்டும். நாம் திருத்தாமல், இடைமறிக்காமல் கேட்போம். தோழமை அங்கிருந்து தொடங்கட்டும்.