மின்னியற் கல்வியும் நமது இளைஞரும்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பொறியியல் பயிலும் நம்மிடம் ஊரிற் பெரியோர் கேட்கும் முதற் கேள்வி, “தம்பி, படிப்பு முடிய அரசாங்க உத்தியோகம் கிடைக்குமோ?” என்பதாகும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த உத்தியோகத்திற் செய்யும் வேலை யாது என்று எவருங் கேட்பதில்லை. அதைப்பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றோம்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறையில் ஒரு குரங்கு மின்மாற்றியிற் பட்டதே காரணம் என்றார்கள். இலங்கைக்கு ஒளியூட்டிய குரங்கை நாம் அறிவோம். இது ஒளியை அணைத்த குரங்கு! சிரித்துவிட்டோம். ஆனால் ஒரு குரங்கால் ஒரு நாடு இருளலாமோ?

நீர்மின், அனல்மின் நிலையங்களிற் சுழலும் பிறப்பாக்கிகள் பெரும் பாரமுடையவை. தையல் இயந்திரத்திற் காலை எடுத்த பின்னும் சக்கரம் சிறிது சுழல்வதுபோல, கோளாறு நேர்ந்தாலும் அவை உடனே தளரா. அச்சில விநாடிகளில் மற்றைய நிலையங்கள் குறையை நிரப்பிவிடும். கூரைமேலுள்ள சூரியத் தகடுகளுக்கோ சக்கரம் இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, பாவனை குறைவு, வெயில் மிகுதி. சுழன்றுகொண்டிருந்த பெரிய இயந்திரங்கள் சிலவே. செக்கனுக்கு 50 என்றிருக்க வேண்டிய மீடிறன் சரிந்தது. நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் விலகின.

அதற்காக வெயிலை வேண்டாமென்று தள்ளலாமா? நிலக்கரியும் எண்ணெயும் கப்பலிலல்லவா வரவேண்டும்! மன்னார்த் தீவில் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாற்று வலுவுடன் நிற்கின்றன. இவற்றையும் சூரியத் தகடுகளையும் மின்கலங்களோடு இணைத்து, அந்தப் பழைய சக்கரம் செய்த காரியத்தை இன்வேர்ட்டரைக் கொண்டு செய்விப்பதே இன்றைய வேலை. மின்னியல் வேறு, இலத்திரனியல் வேறு என்றிருந்த வேலி இங்கே விழுந்துவிட்டது.

பொறுமையும் வேண்டும். லக்ஷபானவில் நீர்மின் எடுக்கலாமென்று விமலசுரேந்திரா 1918இல் கட்டுரை படித்தார். அரசாங்கம் ஏற்கவில்லை. நிலையம் இயங்கியது 1950இல். அவர் மறைந்தது 1953இல். உத்தியோகத்தை மாத்திரம் நாடியவராயின் 1918இலேயே வாய்மூடியிருப்பார்.

பேராதனை, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களோடு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் கிளிநொச்சியில் உண்டு. அங்கு செல்ல வெட்டுப்புள்ளி போதாதவர்கள் தேசிய தொழிற்றகைமை வழியாக வரலாம். கம்பியைக் கையாற் பிடித்துப் பழகியவரிடம் நாம் கற்றுக்கொண்டவை பல. “பெண்பிள்ளை கம்பத்தில் ஏறுவதோ?” என்று கேட்கும் அன்னையருக்கு ஒரு வார்த்தை: நம் வகுப்பில் ஆய்வுகூடத்துக்கு முதலில் வந்து, கடைசியிற் போகிறவர்கள் அவர்களே.

உயர்தர மாணவர்கள் பூசை முடிந்தபின் மண்டப வாயிலில் நம்மைக் காணலாம். பெறுபேற்றுத் தாளையும் கொண்டுவந்தால் நன்று.