சொல்வது காட்டிக்கொடுப்பது அல்ல

(எமது சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

வருசப்பிறப்பும் அதுவுமாய் இவ ஏன் இந்தக் கதையை எடுக்கிறா என்று சிலர் நினைப்பீர்கள். பாடசாலையில் பிள்ளைகளின் பாதுகாப்பு என்ற தலைப்பைத் தந்தது சங்கம். நான் இங்கே ஓர் ஆரம்பப் பாடசாலையில் வகுப்பு உதவியாளராக இருப்பதால் என்னைப் பிடித்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் என்றால் பத்திரமான இடம் என்ற எண்ணம் எங்கட சனத்துக்கு எப்போதோ போய்விட்டது. 1995 செப்டெம்பர் 22ஆந் திகதி வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் மீது விமானம் குண்டு போட்டு 20க்கு மேற்பட்ட மாணவர்கள் மாண்டதை இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதனால்தான், அமெரிக்கா வந்திட்டம், இனிப் பயமில்லை என்று மூச்சு விட்டோம்.

எங்களுக்கு முன்னர் கம்போடியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்தவர்களும் அப்படித்தான் மூச்சு விட்டார்கள். பே ஏரியாவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிறது ஸ்ரொக்ரன் நகரம். அங்கே கிளீவ்லண்ட் ஆரம்பப் பாடசாலையில் 1989 ஜனவரி 17ஆந் திகதி, இடைவேளைக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். சிறுவயதில் அதே பாடசாலையில் படித்தவன். இறந்த பிள்ளைகள் 5 பேர், ஆறு வயதிலிருந்து ஒன்பது வயது வரை. நால்வர் கம்போடியக் குழந்தைகள், ஒன்று வியட்நாம் குழந்தை. ஓர் ஆசிரியையோடு சேர்த்து ஏறக்குறைய 30 பேர் காயப்பட்டார்கள். பொல் பொட்டிடமிருந்து உயிர் தப்பி வந்த தாய், கலிபோர்னியாவில் தன் பிள்ளையை இழப்பது எப்படி இருந்திருக்கும்! அந்த ஆண்டே கலிபோர்னியா அரசு சில வகைத் தாக்குதல் துப்பாக்கிகளைத் தடை செய்தது. இப்படியான சம்பவங்கள் அரிது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அகதியின் பிள்ளை என்று பார்த்து ஆபத்து விலகிப் போகாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு எங்கட பிள்ளை ஒன்று, கூடப்படிக்கும் ஒருவன் துப்பாக்கியைப் பற்றி ஒரு மாதிரிக் கதைக்கிறான் என்று வீட்டில் சொல்லியிருக்கிறது. தாய் என்ன சொன்னா தெரியுமோ? "பேசாமல் இரு. எங்களுக்கேன் வம்பு? நாங்கள் வந்தேறுகுடியள்." அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நின்ற சனம் நாங்கள். முகமூடி போட்டவன் தலையை ஆட்டினால் பிள்ளை திரும்பி வராது. எங்கட ஊரில் காட்டிக்கொடுத்தவன் என்பதைவிடக் கேவலமான சொல் இருந்ததோ? வாயைத் திறக்காதே என்று படித்துத்தான் உயிர் தப்பினோம்.

ஆனால் இங்கே அந்தப் பாடம் ஆபத்தானது. ஜனாதிபதிக்குக் காவல் நிற்கும் சீக்ரெட் சேர்விஸ் பிரிவு, 2006 தொடக்கம் 2018 வரை பாடசாலைகளில் நடக்கவிருந்து முறியடிக்கப்பட்ட 67 சதிகளை ஆராய்ந்து 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலான சதிகள் எப்படி வெளியே வந்தன? திட்டம் போட்டவன் யாரிடமோ வாய்விட்டிருக்கிறான். அதைக் கேட்ட ஒருவர், அதிலும் கூடப்படிக்கிற பிள்ளை, ஒரு பெரியவரிடம் சொல்லியிருக்கிறது. அவ்வளவுதான்! ஆகவே பிள்ளை வந்து சொன்னால் அடக்காதையுங்கோ. ரீச்சரிடம் சொல்லு என்று அனுப்புங்கோ, இல்லையென்றால் நீங்களே ஒபீசுக்குப் போங்கோ. மிரட்டியவனும் ஒரு பிள்ளைதான். அவனுக்கும் அதனால் உதவி கிடைக்கலாம். அதே பிரிவின் 2019ஆம் ஆண்டு அறிக்கை, துப்பாக்கி பாவித்தவர்களில் நாலில் மூன்று பங்கினர் அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தே எடுத்ததாகச் சொல்கிறது. பிள்ளையை விளையாட அனுப்புகிற வீட்டில் துப்பாக்கி இருக்கிறதோ, பூட்டி வைத்திருக்கிறதோ என்று கேட்க வெட்கப்படவேண்டாம்.

லொக்டவுண் பயிற்சி பற்றியும் ஒரு சொல். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, சத்தமில்லாமல் ஒதுங்கி இருப்பது. பங்கருக்குள் இருந்த அம்மம்மாமாருக்கு இது புதிதல்ல. முதல்நாளே பிள்ளைக்கு நிதானமாகச் சொல்லி வையுங்கோ. எங்கட பழைய பயத்தை அதன் தலையில் ஏற்றவேண்டாம்.

ஏதும் நடந்தால் உடனே ஓடிவந்து வாசலை அடைக்காதையுங்கோ, பாடசாலை அறிவிக்கும் இடத்துக்கு அடையாள அட்டையோடு போங்கோ என்பார்கள். 2022இல் ரெக்சாஸ் யுவால்டியில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தபோது, பொலிஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் வகுப்புக்குள் போகாமல் நின்றது. அதற்குப் பிறகு இதைச் சொல்ல எனக்கே நா எழவில்லை. என்றாலும் நூறு கார் வந்து அம்புலன்சை மறித்தால் என்ன செய்யிறது?

அதைவிட அவசரமானது அந்தத் தொடர்பு அட்டை. பழைய ரெலிபோன் நம்பரோடு கிடக்கிற அட்டை எத்தனை! அதில் பெயர் இல்லாவிட்டால் சொந்த மாமாவிடமும் பிள்ளையை விடமாட்டார்கள். அகதி வழக்கு முடியாதவர்கள் எழுதப் பயப்படுகிறார்கள். குடிவரவு நிலையைக் காட்டிப் பிள்ளைக்குக் கல்வி மறுக்க முடியாது என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதுவும் ரெக்சாசிலிருந்து போன வழக்குத்தான். அட்டையில் விசாவை எழுதத் தேவையில்லை.

கலிபோர்னியாவில் ஒரு பாடசாலையில் நூற்றுக்கு 15 பிள்ளைகள் ஒரே மொழிக்காரராய் இருந்தால்தான் அறிவித்தல்கள் அந்த மொழியிலும் வரவேண்டும் என்று சட்டம். தமிழ் அந்தக் கணக்கை எங்கே எட்டப்போகுது? மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று நாங்கள்தான் கேட்கவேண்டும்.

பின்மேசையில் அட்டையின் மாதிரிப் படிவம் வைத்திருக்கிறேன். உயர்தர வகுப்புப் பிள்ளையள் நாலுபேர் நிரப்ப உதவி செய்வினம். சாப்பாட்டுக்குப் போக முதல் அந்தப் பக்கம் ஒருக்கால் வாங்கோ.