சேரி முனையில் வண்டி நிற்குமா?



அமெரிக்காவில் பாஸ்டன் பட்டணத்துக் கறுப்பர் பிள்ளைகள் 220 பேரை 1966-ஆம் வருஷத்தில் வண்டியேற்றி, வெளியே வெள்ளையர் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் சேர்த்தார்கள். கட்டாயமில்லை, அவ்வூரார் இசைந்தே இடங்கொடுத்தார்கள். மெட்கோ என்னும் அவ்வேற்பாடு இன்றும் நடக்கிறது.

நமக்கும் 2009-ஆம் வருஷத்துச் சட்டமொன்று உண்டு. தனியார் பள்ளிக்கூடத்து ஆரம்ப வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் ஏழை, ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்காம். ஆனால், ஒரு கிலோ மீட்டருக்குள் குடியிருப்பவருக்கே முதல் பாத்தியதை! விழுப்புரம், திண்டிவனம் டவுன் பள்ளிக்கூடத்துக்கும் கிராமத்துச் சேரிக்கும் எத்தனை மைல்? சேரியை ஊருக்கு வெளியே தள்ளிவைத்த சமூகமே இன்று தூரத்தை அளந்து காட்டுவது என்ன யோக்கியதை? சம்பளம் கட்டும் பிள்ளையைத் தேடி எத்தனை மைலும் ஓடுகிற பள்ளிக்கூட வண்டி, சேரி முனையிலும் நிற்கட்டும் என்றுதான் நாம் கேட்கிறோம்.