ஆயிரம் ரூபாயில் கை வைக்க விடலாமா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மும்பையின் பட்டறைகளிலும் ஆலைகளிலும் உழைத்து ஓய்ந்து, பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அது யாரும் போட்ட பிச்சையல்ல. நம் சம்பளத்தைக் கணக்கிட்டு, முதலாளியின் பங்கிலிருந்து 8.33 சதவீதம் மாதாமாதம் 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்திற்குப் போனது. அது நம் உழைப்பின் பாக்கி.

2014 செப்டம்பரில் குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்றார்கள். விலைவாசி ஏறியது; 2025ஆம் ஆண்டிலும் அந்த ஆயிரம் ஏறவில்லை. ஏ.டி.எம். கட்டணமோ ஏறியது. இலவச முறைகள் தீர்ந்தபின், ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை வசூலிக்க 2025 மே மாதம் முதல் அனுமதி. வரி தனி.

சாதாரண சேமிப்புக் கணக்கில், சொந்த வங்கியின் இயந்திரத்தில் மாதம் 5 முறை இலவசம். மற்ற வங்கி இயந்திரத்தில், மும்பை போன்ற பெருநகரங்களில் 3 முறைதான். ஊர்ப்பக்கம் 5 முறை. பணம் எடுக்காமல் மீதியை மட்டும் பார்த்தாலும் அது ஒரு முறை! பென்ஷன் வந்ததா என்று நம் பெரியவர்கள் தினமும் கார்டைப் போட்டுப் பார்ப்பது இதனால்தான் ஆபத்து.

கணக்குப் போடுவோம். மாதம் இரண்டு முறை கூடுதலாக எடுத்தால் 46 ரூபாய். ஆண்டுக்கு 552 ரூபாய். அரை மாதப் பென்ஷனுக்கு மேல் போய்விடுகிறது. கார்டுக்கு ஆண்டுக் கட்டணம், இருப்பு குறைந்தால் அபராதம் என்று பல வங்கிகள் பிடிப்பது இதற்கு மேல்.

இதற்கு வழி என்ன? ‘அடிப்படை சேமிப்புக் கணக்கு’ என்று ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி எல்லா வங்கிகளும் இதைத் தர வேண்டும். குறைந்தபட்ச இருப்பு வேண்டாம், கார்டுக்குக் கட்டணமில்லை, மாதம் குறைந்தது 4 முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே இருக்கும் கணக்கையே மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். கணக்கு எண் மாறுமா என்று கேளுங்கள், மாறினால் பி.எஃப். அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். இல்லையேல் பென்ஷன் தடைப்படும்.

ஊர் திரும்புகிறவர்களுக்கும் ஒரு செய்தி. 2025 ஜனவரி முதல் எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் இந்தப் பென்ஷனைப் பெறலாம். மும்பையிலிருந்து நெல்லைக்குக் காகிதங்களை மாற்றி அலைய வேண்டியதில்லை.

வங்கியில் இந்தியோ மராத்தியோ பேசத் தயங்கி, பிடித்த பணத்தைக் கேட்காமல் திரும்புகிறவர்கள் நம்மில் பலர். இனி பாஸ்புத்தகத்தைப் பதிந்து வாங்கி, இங்கே கொண்டு வாருங்கள். வரிக்கு வரி பார்த்து, மனு எழுதி, உடன் வருவோம்.

ஆயிரத்தை உயர்த்தும் போராட்டம் நீண்டது, அதை விடமாட்டோம். அதுவரை, இருக்கும் ஆயிரத்தில் ஒரு ரூபாயும் வீணாகப் போக விடோம்!