கட்டளைவரியில் தமிழ் கெடாதிருக்க



கலைச்சொற்களைத் தொகுக்கும் நாம் இன்று அவற்றைத் தரவுத்தளங்களில் சேர்த்துவைக்கின்றோம். பலரும் அறிந்த மைஎஸ்கியூஎல் என்னும் தளத்தையே சான்றாகக் கொள்வோம். தரவைக் காக்கும் வழங்கி வேறோர் இடத்தில் இருக்கும். அதனோடு கட்டளைவரியில் உரையாட நம் கணினிக்கு வேண்டுவது கிளையண்ட் எனும் சிறு மென்பொருள் மட்டுமே. வழங்கியையும் சேர்த்து நிறுவ வேண்டியதில்லை.

நிறுவும் முறை இயங்குதளத்திற்கேற்ப வேறுபடும். உபுண்டுவில் ஏபிடி வழியாக ‘மைஎஸ்கியூஎல்-கிளையண்ட்’ என்னும் தொகுப்பைப் பெறலாம். மேக்கில் ஹோம்புரூ அதே பெயரில் அதனைத் தரும். ஆயினும் கட்டளைகள் தேடப்படும் பாதையில் அது தானே சேராது. பாதையை நாம் சேர்க்காவிடில், நிறுவிய பின்னும் ‘அக்கட்டளை இல்லை’ என்றே கணினி விடையிறுக்கும். விண்டோசிலும் பாதையைச் சரிபார்த்தல் நலம்.

இத்துடன் பணி முடிந்ததென எண்ணலாகாது. கிளையண்ட் தன் எழுத்துக் குறிமுறையை இயங்குதளத்தின் அமைப்பிலிருந்தே அறிந்துகொள்கிறது. உபுண்டுவிலும் மேக்கிலும் அது பெரும்பாலும் யுடிஎஃப்-8. விண்டோசின் கட்டளைத் திரையிலோ பழைய மேலைநாட்டுக் குறியீட்டுப் பக்கம் அமைந்திருக்கக்கூடும். அப்போது ‘அம்மா’ என்னும் மூன்றெழுத்துச் சொல் ஐந்து கேள்விக்குறிகளாகத் தோன்றும். தளத்திலுள்ள சொல் அதனால் கெடுவதில்லை. ஆனால், அவ்விடையைக் கோப்பில் சேமித்து மீண்டும் தளத்தில் ஏற்றினால், மூலம் அழிந்து கேள்விக்குறிகளே நிலைபெறும்.

ஆகவே, விண்டோசில் குறியீட்டுப் பக்கத்தை 65001 என மாற்றுவோம்; எவ்வியங்குதளத்திலும் இணையும்போதே ‘யுடிஎஃப்8எம்பி4’ எனக் குறிப்பிடுவோம். மைஎஸ்கியூஎலின் பழைய ‘யுடிஎஃப்8’ ஒரு குறிக்கு மூன்று பைட்டுகளையே ஒதுக்கும். நம் அன்றாட எழுத்துகளுக்கு அது போதும். ஆனால், 2019-இல் யூனிகோடு 12.0-இல் இடம்பெற்ற முந்திரி, காணி, மா முதலிய பின்னக் குறியீடுகளுக்கு நான்கு பைட்டுகள் வேண்டும். 8.0 பதிப்பு முதல் நான்கு பைட்டு முறையே இயல்பமைப்பு என்றாலும், பழைய அட்டவணைகள் தாமாக மாறா.

ஏட்டைப் பெயர்த்தெழுதியோர் எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கினர். நாமும் கிளையண்டை நிறுவியதும் தமிழ்ச்சொல் ஒன்றை எழுதி, திரும்பப் பெற்று, ஒப்புநோக்குவோம். அது பிழையின்றி வந்த பின்னரே நம் தொகுப்பில் கைவைப்போம்.